லக்சரிலிருந்து வரவேண்டிய கடிதம்

காங்கேயம்
16.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வர்ஷினி எழுதுகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் உங்களுக்கு வரும் முதுகுவலி இந்த வருசம் எப்படி இருக்கிறது? பாலுசாமி மாமாவும் அத்தையும் எப்படி இருக்கிறார்கள்?

போன வாரம் மாமாவின் செல்லுக்குக் கூப்பிட்டேன் அல்லவா, அப்போது மாமா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அத்தை பக்கத்தில் இருந்தார். டிவி வேறு ஓடியது. நீங்கள் "சாப்ட்டியா கண்ணு" என்றீர்கள். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் பேச முடிந்தது. உங்கள் செல்லை நீங்கள் இங்கேயே மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அப்பா அதற்கு இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் கடிதம். எழுதினால் எனக்குச் சொல்ல வருகிறது.

விசயம் இதுதான். இந்த வருசம் பம்ப் மோட்டார் கம்பெனி வைத்த டார்கெட்டை நம் கடை தாண்டிவிட்டது. அப்படித் தாண்டிய டீலர்களை மனைவியோடு எகிப்து நாட்டுக்கு டூர் கூட்டிப் போகிறார்கள். பிப்ரவரியில் எட்டு நாள். மொத்தம் நாற்பது பேர். பிரமிடு, நைல் நதி, பழைய கோயில்கள் எல்லாம் ஒரு கைடு காட்டுவாராம். படிவம் வந்த அன்று அப்பா முதல் வரியில் திருமூர்த்தி என்றும் அடுத்த வரியில் செல்லாத்தாள் என்றும் எழுதி, பில் புத்தகத்துக்கு அடியில் ஒளித்து வைத்தார். நான் பார்த்துவிட்டேன்.

சிங்கப்பூர் போகலாம் என்று நம் மூன்று பேருக்கும் எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் சும்மாதான் கிடக்கிறது. நீங்கள் போய்விட்டு வாருங்கள் அம்மா. எட்டு நாள் கடையை நான் பார்த்துக்கொள்வேன். எந்தக் கிணற்றுக்கு எத்தனை எச்.பி. என்று இப்போது எனக்கே தெரிகிறது.

அப்பா கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வர்ஷினி

*

அவிநாசி
23.12.2024

வர்ஷினி கண்ணுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. எனக்கு முதுகு பரவாயில்லை. மாமாவுக்குத்தான் சளி. அத்தை கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்ததில் தேறிவிட்டார். உனக்குத் தலை வறண்டு போகிறதா? எண்ணெய் வை.

எகிப்துக்கு நான் வரவில்லை. ஆகஸ்டில் வீட்டைவிட்டு இங்கே மாமா வீட்டுக்குக் கிளம்பியபோது உங்கப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "புள்ளைய என்னைக்குத் திரும்பப் பள்ளிக்கூடத்துல சேக்கறீங்களோ, அன்னைக்கு நானா பஸ் ஏறி வாரேன்" என்றேன். அதில் மாற்றம் இல்லை. பிரமிடைக் காட்டினால் மறந்துவிடுவேன் என்று நினைத்தாரா?

நான் எட்டாவது முடித்த வருசம் சோமனூரில் எங்கப்பன் தறிக்கு நூல் தார் சுற்ற ஆள் இல்லை என்று என்னை நிறுத்தினார். அழுதேன். யாரும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருசம் கழித்து அதே வார்த்தையை உங்கப்பா சோற்றில் கை வைத்துக்கொண்டு சொல்கிறார், கடைக்கு ஆள் வேண்டும், பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுகொள்ளட்டும் என்று. பத்தாவதில் நானூற்று அறுபது வாங்கிய பிள்ளையை! பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நீயும் வாயைத் திறக்கவில்லை. உன் சுபாவம் அது, உன்னைச் சொல்லிக் குற்றமில்லை.

ஜூனில் மறுபடி சேர வேண்டுமானால் பள்ளிக்கூடத்தில் இப்போதே கேட்டு வைக்க வேண்டும். போய்க் கேட்டாயா? எழுது.

அன்புடன்,
அம்மா

*

காங்கேயம்
7.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மாமாவின் சளி முழுவதும் போய்விட்டதா? இங்கே பனி அதிகம். அப்பா காலையில் மப்ளர் கட்டிக்கொண்டுதான் கடை திறக்கிறார். தலைக்கு எண்ணெய் வைக்கிறேன்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் கேபிள் கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நான் உன்னைக் கேக்கச் சொன்னனா?" என்றார்.

"இல்லீங்க."

"பின்ன?"

நான் கேபிளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "டிக்கெட்டு சும்மா போயிரும். நீ வாரியா?" என்றார்.

"நானுங்களா? அங்க நாப்பது பேர் இருப்பாங்களேப்பா."

"இருந்தா என்ன? அவங்க பிரமிடு பாக்க வாராங்க. உன்னைப் பாக்கவா வாராங்க?"

அதனால் உங்கள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டோம். பிப்ரவரி ஆறாம் தேதி கிளம்புகிறோம். உங்கள் இடத்தில் நான் போவது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பார்க்கலாம் அம்மா.

உங்கள் மகள்,
வர்ஷினி

*

அவிநாசி
24.1.2025

வர்ஷினி கண்ணுக்கு,

நல்லபடியாகப் போய்விட்டு வா. பொங்கலுக்கு நீயும் அப்பாவும் தனியாகப் பொங்கல் வைத்தீர்களா, இல்லை அடுத்த வீட்டில் வாங்கித் தின்றீர்களா? நான் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

பருப்புப்பொடி அரைத்து காங்கேயம் பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். கடையில் வந்து தருவார்கள். உங்கப்பாவின் பிரஷர் மாத்திரையைக் கைப்பையில் வை. பெட்டியில் போட்டால் பெட்டி ஒரு ஊருக்குப் போகும், நீங்கள் ஒரு ஊருக்குப் போவீர்கள். எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது. நீ பார்த்துக்கொள். இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

'பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறாய். அது வாரண்டி கேட்டு வருகிறவர்களிடம் உங்கப்பா சொல்லும் வார்த்தை. எனக்கு அந்தப் பதில் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கேட்டாயா, இல்லையா?

அம்மா

*

அசுவான், கப்பலில்
10.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா சுகம். மாத்திரை தினமும் போடுகிறார். பருப்புப்பொடியை இரண்டாம் நாளே பாதி பஸ் வாங்கித் தின்றுவிட்டது. உங்கள் பக்கத்தில் வெயில் ஏறியிருக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பிரமிடைப் பார்த்துவிட்டோம். பக்கத்தில் போய் நின்றால் உச்சி தெரியவில்லை, கல்தான் தெரிகிறது. ஒவ்வொரு கல்லும் என் தோள் உயரம் இருந்தது. நம் ஆட்கள் எல்லாரும் அதில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, "இத்தனையும் கட்டறதுக்குத் தண்ணி எங்கிருந்து எடுத்திருப்பாங்க?" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது பேரில் இருபது பேர் மோட்டார் விற்கிறவர்கள். வேறு என்ன பேசுவார்கள்?

எங்களுக்குக் கைடு அய்மன் என்பவர். இந்த ஊர்க்காரர். இங்கிலீஷில் சொல்வார். அதைக் கோயம்புத்தூர் உக்கடத்துக்காரரான டூர் மேனேஜர் ஷாநவாஸ் அண்ணன் தமிழில் சொல்வார். எல்லாருக்கும் காதில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவி கொடுத்திருக்கிறார்கள். சொல்கிறவர் சட்டையில் ஒரு குட்டி மைக் மாட்டியிருக்கும். கூட்டத்தில் எங்கே நின்றாலும் அவர் பேசுவது நம் காதுக்குள் கேட்கும். கத்த வேண்டியதே இல்லை.

இரண்டாம் நாள் ஷாநவாஸ் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து ஓட்டலில் படுத்துவிட்டார். மியூசியத்தில் அய்மன் சொல்வது யாருக்கும் பிடிபடவில்லை. அப்பா விழிப்பதைப் பார்த்து நான் அவர் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பின்னால் பொள்ளாச்சி டீலரின் வீட்டுக்காரம்மா வந்தார். துளசிமணி டீச்சர் என்று பெயர். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏனம்மணி, உங்கப்பனுக்கு மட்டும் ஓதுனாப் போதுமா? நாங்கெல்லாம் என்ன ஓசியிலயா வந்தோம்?" என்றார்.

எல்லாரும் ஓசியில்தான் வந்திருந்தோம். அப்பா சிரித்துவிட்டார். டீச்சரே போய் அய்மனிடம் பேசி, ஷாநவாஸ் அண்ணனின் மைக்கை வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் நேராக ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் அம்மா, ஒன்று கண்டுபிடித்தேன். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாலும் அவர்களுக்குக் கேட்கிறது. யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கல்லைப் பார்க்கிறார்கள். அப்படியென்றால் எனக்குப் பேச வருகிறது! ஷாநவாஸ் அண்ணனுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை, அன்றிலிருந்து நான்தான் சொல்கிறேன். அவிநாசி டீலர் திருமலைசாமி அண்ணன் (மாமாவுக்கு ஏதோ முறை ஆகவேண்டுமாம்) இரண்டு தடவை "இன்னொருக்காச் சொல்லு கண்ணு" என்று கேட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது டீச்சர், "எந்தக் காலேஜ் கண்ணு?" என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, "பத்தாவதோட நிறுத்திட்டனுங்க, கடைக்கு ஆள் வேணுமில்லீங்க" என்றார்.

டீச்சர் சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். அப்பாவைப் பார்த்துச் சொன்னார், "ஏனுங்க, ஒரு ஆளுக்குச் சம்பளம் மிச்சம் பண்றதுக்கு இத்தனை புத்தியுள்ள புள்ளையப் பாழாக்கிப்போட்டீங்களே. உங்களுக்கெல்லாம் எகிப்து ஒரு கேடா?"

அப்பா, "சரிதானுங்க" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குமேல் எழுத வரவில்லை அம்மா. நாளைக்கு எழுதுகிறேன்.

வர்ஷினி

*

கோமாம்போ, கப்பலில்
11.2.2025

அம்மா,

நேற்று எழுதியதையும் இதையும் ஒரே உறையில் வைத்து நாளைக்கு லக்சர் என்ற ஊரில் தபாலில் போடுவேன். உட்கார்ந்து படியுங்கள். அத்தை இருக்கும்போது படிக்க வேண்டாம்.

படிப்பு வேண்டாம் என்றது அப்பா இல்லை. நான்தான்.

புதுப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மாணவி மேடையில் நின்று இங்கிலீஷில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். என் முறை வந்த அன்று நான் ஐந்து நிமிடமும் நின்றேன். ஒரு சொல்கூட வரவில்லை. முன்வரிசையில் ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், மிஸ்ஸும்தான். அடுத்த வாரமும் உன் முறைதான் என்றார்கள். அடுத்த வாரமும் அப்படியே நின்றேன். வெள்ளிக்கிழமை காலையில் நான் வாந்தி எடுத்ததும், நீங்கள் ஓம வாட்டர் கொடுத்ததும் ஞாபகம் இருக்கும். அது வயிற்றுவலி இல்லை.

நாலாவது வாரம் குடோனில் வைத்து அப்பாவிடம் சொன்னேன். இனிமேல் போகமாட்டேன், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றேன். அப்பா மூன்று நாள் என்னைக் கெஞ்சினார். வேறு பள்ளிக்கூடம் பார்க்கிறேன் என்றார். நான் கேட்கவில்லை. நாலாம் நாள்தான் சோற்றில் கை வைத்துக்கொண்டு உங்களிடம் அப்படிச் சொன்னார். நீங்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோது நான் தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் பஸ் ஏறிய அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதமாகச் சொல்லவில்லை.

இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு தப்பு நடந்துவிட்டது.

இந்த ஊர்க் கோயிலுக்குள் ஒரு கிணறு இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் எவ்வளவு ஏறுகிறது என்று அந்தக் காலத்தில் அதில் அளந்து பார்ப்பார்களாம். சாமியைப் பார்க்காமல் நம் ஆட்கள் எல்லாரும் அந்தக் கிணற்றைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எத்தனை அடி, என்ன ஊற்று, எத்தனை எச்.பி. என்று ஒரே சண்டை. அய்மனுக்கு ஒன்றும் புரியவில்லை. சாமி உள்ள கோயிலில் ஏன் எல்லாரும் கிணற்றைக் கும்பிடுகிறார்கள் என்று என்னைக் கேட்டார். பிறகு அவர்களை முதலை மியூசியத்துக்குக் கூட்டிப் போனார். அப்பாவும் நானும் மட்டும் கிணற்றடியில் நின்றோம்.

நான் கேட்டேன், "ஏனுங்கப்பா, டீச்சர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? நானில்ல படிப்பு வேண்டாம்னேன்?"

"அந்தம்மா நாளைக்கு ஒரு பக்கம், நாம ஒரு பக்கம். சொல்லி என்ன ஆகுது?"

"அம்மாகிட்டயாவது சொல்லலாமில்லீங்க. அம்மா வந்துருவாங்கல்ல."

அப்பா கிணற்றையே பார்த்தார். "உங்கம்மா எம்மேல கோவிச்சுக்கிட்டா, அது பழகுன கோவம். பத்தொம்பது வருசமா வாங்கறேன். உன்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறா, எம் புள்ள வக்கீலாவான்னு. நீயே வேண்டாம்னுட்டேன்னு தெரிஞ்சா அவ எங்க போய் நிப்பா? அதுக்கு எம்மேல கோவமாவே இருந்துட்டுப் போறா."

"ஆறு மாசமாச்சுங்கப்பா."

"எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கோதுமைச் சோறு ஒத்துக்கல" என்றார்.

நாங்கள் வெளியே வந்தோம். மியூசியத்து வாசலில் முப்பத்தெட்டுப் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் உள்ளே போயிருக்கவில்லை. எல்லாரும் காதில் கருவி மாட்டியிருந்தார்கள். திருமலைசாமி அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். துளசிமணி டீச்சர் என்னிடம் வந்து, மெதுவாக, "அம்மணி, மைக்கை அமுத்து" என்றார்.

நான் அதை அணைக்கவே இல்லை. என் சட்டையில் மாட்டியபடியே இருந்தது.

டீச்சர் பிறகு அப்பா முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா பதறிப்போய், "ஐயோ, என்னங்க டீச்சர்" என்று பின்னால் நகர்ந்தார். நான் கப்பலுக்கு ஓடி வந்துவிட்டேன். இப்போது மணி ஆறு. அறையில் இருந்து எழுதுகிறேன்.

நாற்பது பேருக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கு என் கையால் தெரியவேண்டும்.

வர்ஷினி

*

காங்கேயம்
19.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அப்பாவுக்குக் கொஞ்சம் கால் வீக்கம், இப்போது குறைந்துவிட்டது. உங்கள் முதுகுவலியைப் பற்றி இந்தமுறை நீங்கள் எழுதவில்லையே?

நான் எகிப்திலிருந்து எழுதியது வந்திருக்கும். படித்திருப்பீர்கள். அதில் எழுதியதை மறுபடியும் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். என்னவாவது எழுதுங்கள்.

கடைக்கு இரண்டு நாளாகப் போகவில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

வர்ஷினி

*

அவிநாசி
27.2.2025

வர்ஷினிக்கு,

எந்தக் கடிதம்? எனக்கு எகிப்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை.

ஆனால் சேதி வந்தது. பதினோராம் தேதி இரவு பத்தரை மணிக்கே வந்துவிட்டது. திருமலைசாமி கப்பலில் இருந்து உன் மாமாவைக் கூப்பிட்டு, "சங்கதி தெரியுமா மச்சான்?" என்று ஆரம்பித்தார். மாமா வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார். நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அத்தை முகத்தைப் பார்த்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார். மாமா அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். அதற்குள் எல்லாம் கேட்டாகிவிட்டது.

பெற்றவளுக்கு முன்னால் மோட்டார் டீலர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. அது தவறுதலாக நடந்தது என்று திருமலைசாமியே சொன்னார். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ எழுதுவாய் என்று அன்றிலிருந்து தினமும் தபால்காரரைப் பார்த்து நின்றேன். ஊருக்கு வந்து எழுதிய கடிதத்தில் கால் வீக்கம், முதுகுவலி என்று எழுதிவிட்டு, முன்பே எழுதிவிட்டேன் என்கிறாய். ஆறு மாதமாக என்னிடம் ஒன்றை மறைத்தவள் சொல்வதை நான் எப்படி நம்புவது?

எனக்கு இப்போது எழுத ஓடவில்லை.

செல்லாத்தாள்

*

காங்கேயம்
2.3.2025

அம்மா,

கடிதத்தின் அடியில் நீங்கள் பெயரைப் போட்டிருந்தீர்கள். அம்மா என்று போடவில்லை.

நான் எழுதினேன். பத்தாம் தேதி ஒன்று, பதினோராம் தேதி ஒன்று, இரண்டும் ஒரே உறையில். லக்சரில் ஓட்டல் வரவேற்பறையில் கொடுத்தேன். இந்தியாவுக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அந்த ஆள் தோளைக் குலுக்கினார்.

அதில் இருப்பதை இப்போது மறுபடி எழுதி அனுப்பலாம். இரண்டு தடவை உட்கார்ந்தேன். எழுதினால், மாமா செல்லில் கேட்டதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதியது போலத்தான் இருக்கும். அது வருகிறவரைக்கும் நீங்கள் என்னை நம்ப வேண்டாம். வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வர்ஷினி

*

காங்கேயம்
6.3.2025

செல்லாத்தாளுக்குத் திருமூர்த்தி எழுதுவது.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். பாப்பா சாப்பாடு சரியாக எடுப்பதில்லை. மற்றபடி சுகம்.

அவள் கடிதத்தில் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனால் லக்சரில் அவள் உறையை ஒட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். அவிநாசி முகவரிதான். மூன்று தடவை சரி பார்த்தாள். அது உண்மை.

பொய் சொன்னது நான். அவள் சின்னப் பிள்ளை, பயந்து ஒன்று சொன்னாள். பெரியவன் நான் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். நீ அழுவாய் என்று பயந்தேன். நீ அழுதால் எனக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. நீ சண்டை போட்டால் தெரியும். அதனால் சண்டையாகவே இருக்கட்டும் என்று விட்டேன். அவளைத் திட்டாதே.

உன் செல்லில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யச் சொல்லி மூன்று தடவை மெசேஜ் வந்துவிட்டது. அதை எப்படிச் செய்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

திருமூர்த்தி

*

அவிநாசி
18.3.2025

வர்ஷினி கண்ணுக்கு அம்மா எழுதுவது.

நீ சாப்பிடுவதில்லையாம். இந்தக் கடிதம் வந்ததும் முதலில் சாப்பிடு, பிறகு படி.

சனிக்கிழமை தபால்காரர் வாசலில் நின்று, "ஏனுங்கம்மணி, ஈஜிப்துல உங்களுக்கு ஆரு?" என்றார். எம் புள்ள என்றேன். "அங்க வேலையிலயா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்த் தேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தேன். உச்சி வெயில். அங்கே யாரும் இல்லை.

முதலில் தேதியைத்தான் பார்த்தேன். அதை மறைக்க மாட்டேன். பதினோராம் தேதி, மணி ஆறு என்று எழுதியிருக்கிறாய். திருமலைசாமி வாயைத் திறக்கும் முன்பே நீ உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். போன மாதம் உன்னை நம்பாமல் எழுதியது என் தப்பு.

பிறகு படித்தேன். அந்தச் சிரித்த மிஸ்ஸின் பெயர் எனக்கு வேண்டும். அது அப்புறம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டு ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டீர்கள். அவளுக்கு நல்லது என்று வேறு நினைத்துக்கொண்டீர்கள். உங்கப்பாவிடம் எனக்குச் சண்டை பாக்கி இருக்கிறது. அதை வீட்டில் இருந்தே போட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வாரேன். அவரிடம் சொல்லி வை. சொல்லாவிட்டால் யார் தோட்டத்திலாவது மோட்டார் இறக்க வேண்டும் என்று கிளம்பிவிடுவார். கேஸை நான் வந்து பதிகிறேன்.

இன்னொன்று. தேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்ததில் இதுதான் மிச்சம் நின்றது. நீ வெள்ளிக்கிழமைதோறும் வாந்தி எடுத்தாய். நான் ஓம வாட்டர் கொடுத்தேன். படிப்பை நிறுத்துகிறேன் என்று உங்கப்பா சொன்னதும் அவரிடம் கத்தினேன், மாமாவிடம் அழுதேன், ஊரெல்லாம் நியாயம் கேட்டேன். பக்கத்திலேயே நீ உட்கார்ந்திருந்தாய். என்ன ஆச்சு கண்ணு, உனக்கு என்ன வேண்டும் என்று உன்னிடம் நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கடிதத்தில்கூடப் பள்ளிக்கூடத்தில் கேட்டாயா என்றுதான் கேட்டேன்.

ஆகையால் இப்போது கேட்கிறேன். ஜூனில் வேறு பள்ளிக்கூடம் பார்க்கட்டுமா, வீட்டிலிருந்தே படித்துத் தனித்தேர்வு எழுதுகிறாயா, கடையில்தான் இருப்பேன் என்கிறாயா? நீ எதைச் சொன்னாலும் நான் பெட்டியைத் தூக்க மாட்டேன். அதனால் எனக்குப் பிடித்ததைத் தேடிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பதில் எழுதாதே. வெள்ளிக்கிழமை வந்து உன் எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். உன் வாயால் சொல்லு.

அம்மா